அதே தேதி, அதே ஞாயிறு

கே: அமெரிக்காவில் இருக்கும் என் பேரன், அங்கே பேஸ்பால் ரசிகர்கள் "இதே தேதியில் நம் அணி" என்று தினம் ஒரு பழங்கதையைத் தோண்டி எடுக்கிறார்கள் என்கிறான். நம் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு தேதி உண்டா?
- ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கே.ஜி. கண்டிகை

ப: அவர்களுக்குக் கதைக்குப் பஞ்சமில்லை. ஒரு சீசனுக்கு ஒரு அணிக்கு 162 ஆட்டம். கோடை முழுக்க அநேகமாகத் தினமும் ஆடுகிறார்கள். நூறு வருஷம் தாண்டிய அணிகள் வேறு. எந்தத் தேதியைத் தட்டினாலும் ஏதாவது உதிரும். நம் அணி பிறந்ததே 2008-ல். ஐ.பி.எல். லீகில் 14 ஆட்டம். நடுவில் 2016, 2017 இரண்டு வருஷம் தடை. இவ்வளவுக்கும் பிறகு ஒரு தேதி தேறுகிறது: மே 27. 2012-ல் அன்று சேப்பாக்கத்தில் ஃபைனல், கொல்கத்தாவிடம் தோல்வி. 2018-ல் அன்று மும்பை வான்கடேயில் ஹைதராபாத்தோடு ஃபைனல், கோப்பை. இரண்டுமே ஞாயிற்றுக்கிழமை.

கே: 2012 தோல்விக்கு யார் காரணம்? ஒரே வரியில் சொல்லவும்.
- கல்லூரி மாணவர், திருத்தணி

ப: பாலாஜிக்குப் பட்ட காயம்.

நீங்கள் கேட்ட ஒரு வரி முடிந்தது. இனி மற்றவர்களுக்கு. லட்சுமிபதி பாலாஜி நம்ம சென்னைக்காரர். அந்த வருஷம் கொல்கத்தாவுக்கு வீசிக்கொண்டிருந்தார். காயத்தால் ஃபைனலில் இறங்க முடியவில்லை. வேகப்பந்துக்கு ஆள் வேண்டுமே என்று பிரெட் லீயைச் சேர்த்தார்கள். வெளிநாட்டுக்காரர் நான்கு பேருக்கு மேல் ஆடக்கூடாது. காலிஸ், ஷகிப், நரைன், லீ... கோட்டா தீர்ந்தது. பிரெண்டன் மெக்கல்லம் வெளியே உட்கார்ந்தார். அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்தவர் மன்வீந்தர் பிஸ்லா. 48 பந்தில் 89!

நாம் அடித்தது ஒன்றும் சில்லறை இல்லை. 3 விக்கெட்டுக்கு 190, ரெய்னா மட்டும் 73. பிஸ்லாவோடு காலிஸ் நின்று 69 எடுத்தார். கடைசி ஓவரில் 9 வேண்டும். பிராவோ வீசினார், மனோஜ் திவாரி அடுத்தடுத்து இரண்டு பவுண்டரி அடித்தார், இரண்டு பந்து மிச்சமிருக்கக் கதை முடிந்தது. மூன்றாவது முறையாகத் தொடர்ந்து கோப்பையைத் தூக்க வேண்டிய இரவு, அதுவும் சொந்த மைதானத்தில். பிஸ்லா இந்தியாவுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை என்பதை நினைத்தால் எரிச்சல் இன்னும் கூடும்.

2018 மே 27-ல் பாலாஜி எங்கே இருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். சென்னையின் டக்-அவுட்டில், பவுலிங் கோச்சாக.

கே: 2012-ல் கொல்கத்தா கேப்டனாக இருந்த கம்பீர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லையே?
- ஆட்டோ ஓட்டுநர், திருவாலங்காடு

ப: நம் திருத்தணி மலையில் கந்த சஷ்டிக்கே சூரசம்ஹாரம் நடத்துவதில்லை. கம்பீருக்கு மட்டும் தனியாக ஏற்பாடு செய்ய முடியுமா?

கே: 27-ஐக் கூட்டினால் 9. ஒன்பது செவ்வாய்க்கு உரியது. செவ்வாய் முருகனுக்கு உரியது. 2018 வெற்றிக்கு இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?
- எண்கணித ஆர்வலர், சோளிங்கர்

ப: 2012-லும் அதே 27, அதே 9. அன்றைக்கு முருகன் கொல்கத்தாவுக்குப் போயிருந்தாரா? தேதி இரண்டு அணிக்கும் பொது. அது டாஸ்கூடப் போடுவதில்லை.

ஆனாலும் உங்களை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. மைக் ஹஸ்ஸி பிறந்தது 1975 மே 27. பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பாருங்கள், செவ்வாய்க்கிழமை! 2012 ஃபைனல் அவருடைய 37-வது பிறந்தநாள். 43 பந்தில் 54 எடுத்துக் கொடுத்தார். தோற்றுப்போய்ப் பிறந்தநாள் கொண்டாடினார். 2018 ஃபைனல் அவருடைய 43-வது பிறந்தநாள். அப்போது பேட்டிங் கோச். மட்டையையே தொடவில்லை, கோப்பை கையில் வந்தது. 2012-ல் 43 பந்து, 2018-ல் 43 வயது. இதை வைத்து ஒரு மாதம் ஓட்டலாம்.

கே: 2018 ஃபைனலில் வாட்சன் முதல் பத்து பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. அப்போது நீங்கள் என்ன நினைத்தீர்கள்? உண்மையைச் சொல்லவும்.
- தறிக்காரர், அம்மையார்குப்பம்

ப: நீங்கள் நினைத்ததைத்தான். அச்சில் ஏற்ற முடியாது.

புவனேஸ்வர் குமாரின் முதல் ஓவரே மெய்டன். 179 துரத்துகிற அணிக்கு அது கெட்ட சகுனம். வாட்சனுக்கு வயது 36. 'டாடீஸ் ஆர்மி' என்று அந்த வருஷம் முழுக்கக் கிண்டல் வேறு. பதினோராவது பந்தில்தான் முதல் ரன். ஆனால் பாவு பிணைக்கும்போது தறி ஓடாது என்பது உங்களுக்குத் தெரியாததா? ஓட ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை: 57 பந்தில் 117, ஆட்டமிழக்கவில்லை, 11 பவுண்டரி, 8 சிக்சர். முதல் பத்தைக் கழித்தால் மிச்ச 47 பந்தில் 117. சந்தீப் சர்மாவின் ஒரே ஓவரில் 27.

அந்தச் சிக்சர்களைவிட எனக்குப் பிடித்தது வேறு. ரஷீத் கானின் நான்கு ஓவரில் சென்னை எடுத்தது 24 ரன், கொடுத்த விக்கெட் பூஜ்யம். வீட்டுக்கு வந்த கண்டிப்பான மாமனாருக்குக் காட்டுகிற மரியாதை! அவர் கண் மறைந்த ஓவர்களில் மற்றவர்களைக் கவனித்துக்கொண்டார்கள். 8 விக்கெட் வெற்றி, 9 பந்து மிச்சம்.

கே: அந்த ஃபைனல் சேப்பாக்கத்தில் நடந்திருந்தால் நம் ஊரிலிருந்து மின்சார ரயில் ஏறிப் போயிருக்கலாமே?
- ரயில் பயணி, அரக்கோணம்

ப: அந்த வருஷம் சேப்பாக்கத்தில் நடந்ததே ஒரு ஆட்டம்தான், ஏப்ரல் 10. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். மீதி சொந்த மைதான லீக் ஆட்டங்களைப் புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். காவிரிக்குக் குரல் கொடுத்தது நியாயம். மைதானத்துக்குள் செருப்பு வீசியது அநியாயம். இரண்டையும் ஒரே வாயால் சொன்னால் இரண்டு பக்கமும் திட்டு விழும், பரவாயில்லை.

கே: மலைக்கு 365 படி, வருஷத்துக்கு 365 நாள் என்கிறோம். மே 27 எந்தப் படி?
- பூ வியாபாரி, மலையடிவாரம்

ப: 147-வது. ஆனால் 2012 லீப் வருஷம், அதனால் 148-வது. அந்த வருஷத்துக்கு 366 நாள், நம்மிடம் இருப்பதோ 365 படி. குறைந்த ஒரு படியைச் சேப்பாக்கத்தில் கழித்துக்கொண்டார்கள் போல.

படி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. டிசம்பர் 31 இரவு படிக்குப் படி கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடி ஏறுகிறோமே, அதைத் தொடங்கிவைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஜனவரி 1 அன்று வெள்ளைக்காரத் துரைகளைப் பார்த்துக் கும்பிடு போட எலுமிச்சம்பழமும் மாலையுமாக நின்ற கூட்டத்தை, துரைக்கெல்லாம் துரை மலைமேல் இருக்கிறார் என்று இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். எதிரணியின் தேதியைப் பிடுங்கித் தன் கணக்கில் எழுதிக்கொள்வது என்றால் அது. வாட்சன் செய்தது அதற்கு அடுத்தபடிதான்.

கே: 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேராமல் ஆந்திராவிலேயே இருந்திருந்தால், சென்னை - ஹைதராபாத் ஃபைனலில் யாருக்குக் கை தட்டியிருப்போம்?
- பஸ் கண்டக்டர், பள்ளிப்பட்டு

ப: வட எல்லைக்குப் போராடிய ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் கேட்டால் வருத்தப்படுகிற கேள்வி. சென்னைக்குத்தான் என்று நினைக்கிறேன். எல்லையைப் பிரித்தவர்கள் நிலத்தைத்தான் பிரித்தார்கள். நகரியிலும் புத்தூரிலும் டி.வி. ரிமோட் யார் பேச்சையும் கேட்காது. 2014-ல் தெலங்கானா பிரிந்த பிறகு ஆந்திராவின் ஊர்ப் பெயரில் ஐ.பி.எல். அணியே கிடையாது. அட, 2018-ல் சென்னைக்காக வெற்றி ரன்னை அடித்தவர் யார்? அம்பட்டி ராயுடு. குண்டூர்க்காரர்!

கே: மே 27-க்கு வேறு கதையே இல்லையா?
- டீக்கடைக்காரர், கனகம்மாசத்திரம்

ப: சின்னதாக இரண்டு. 2008 மே 27-ல் ஹைதராபாத்தில் டெக்கான் சார்ஜர்ஸை வென்று முதல் சீசனிலேயே அரையிறுதிக்குப் போனோம். 2011 மே 27-ல் சேப்பாக்கத்தில் பெங்களூரு மும்பையை வீழ்த்திப் பெரிய சந்தோஷத்தில் தூங்கப் போனது. மறுநாள் அதே மைதானத்தில், ஃபைனலில், அதை 58 ரன்னில் எழுப்பிவிட்டோம்.

கே: 2023 கோப்பையை எந்தத் தேதியில் எழுதுவது? எங்கள் வீட்டில் தகராறு.
- இரு சகோதரர்கள், ஆர்.கே. பேட்டை

ப: ஃபைனல் வைத்தது மே 28, மழை. ஆட்டம் தொடங்கியது 29. நடுவில் மறுபடி மழை. ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் சிக்சரும் பவுண்டரியும் அடித்தபோது நள்ளிரவு தாண்டி 30. அண்ணனுக்கு 29, தம்பிக்கு 30. அம்மாவுக்கு 28.

கே: என் மகன் பிறந்ததும் மே 27. கிரிக்கெட்டில் சேர்க்கலாமா?
- இல்லத்தரசி, பொதட்டூர்பேட்டை

ப: தாராளமாக. மட்டை பிடித்தால் ஹஸ்ஸி. அல்லது மஹேல ஜெயவர்த்தனே. அவருக்கும் அதே நாள்தான், ஆனால் அவர் கோச்சாக இருந்த மும்பை 2019 ஃபைனலில் நம்மை ஒரு ரன்னில் தோற்கடித்தது, ஆகவே அந்தப் பெயரை வீட்டில் உரக்கச் சொல்லவேண்டாம். மைக் பிடித்தால் ரவி சாஸ்திரி, அவருக்கும் மே 27. பையன் இப்போதே சத்தமாகப் பேசுகிறான் என்றால் மூன்றாவது வழிதான்.

கே: மறுபடி மே 27 ஞாயிறாக எப்போது வரும்? சென்னை ஃபைனலில் இருக்குமா?
- அதே கல்லூரி மாணவர், திருத்தணி

ப: 2029-ல். இப்போதெல்லாம் ஃபைனல் ஞாயிற்றுக்கிழமைதான் என்றில்லை. 2025-ல் ஜூன் 3, செவ்வாயில் நடந்தது. நாம் அதற்கு முன்பே, மே 25-ல், பட்டியலின் கடைசி இடத்தோடு மூட்டை கட்டியாயிற்று. எனவே முதலில் பட்டியலின் நடுப்பகுதி வரை ஏறட்டும்.

2029 மே 27-ல் ஹஸ்ஸிக்கு 54 வயது ஆகும். 2012-ல் அவர் அடித்த ரன்னும் 54. சோளிங்கர் நண்பர் கண்ணில் இந்த வரி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.