அட்டவணையார்

2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்து, 21 நாளுக்கு வாசற்படியைத் தாண்டாதீர்கள் என்று சொல்லி முடித்ததும் ஜனங்கள் மூன்றாகப் பிரிந்தார்கள். ஒரு கூட்டம் பையைத் தூக்கிக்கொண்டு மளிகைக் கடைக்கு ஓடியது. இன்னொரு கூட்டம் கடவுளாகப் பார்த்துக் கொடுத்த லீவு என்று காலை நீட்டிப் படுத்தது. மூன்றாவது கூட்டம் மட்டும் ஸ்கேலும் ஸ்கெட்ச் பேனாவும் எங்கே என்று பிள்ளைகளின் பையைக் குடைந்தது.

அந்த மூன்றாவது கூட்டத்து மனிதரைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். பாடியவர் பெயர் தெரியாவிட்டால் அவர் பாடிய தொடரையே பெயராகச் சூட்டிவிடுவது சங்ககாலத்து வழக்கம். செம்புலப் பெயல்நீரார் அப்படி வந்தவர்தான். அந்த முறைப்படி இவரை அட்டவணையார் என்போம். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். சென்னையில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாவது மாடி. ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் உத்தியோகம். வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று லேப்டாப்பைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வேலையைக் கொடுத்தனுப்பத்தான் மறந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஃபிரிட்ஜின் கதவில் சார்ட் ஏறிவிட்டது. 5.00 எழுதல். 5.15 வெந்நீர். 5.30 பிராணாயாமம். 6.15 மொட்டை மாடியில் நடை. 7.15 கபசுரக் குடிநீர். 8.00 குடும்பத்துடன் சிற்றுண்டி. 9 முதல் 11 வரை அலுவலகம். 11 முதல் 12 வரை புதிய மொழி. 1.00 குடும்பத்துடன் மதிய உணவு. 4.00 ஆளுமை வளர்ச்சி. 6.00 தியானம். அவருக்குப் பச்சை, பெண்ணுக்கு ஆரஞ்சு, பையனுக்குச் சிவப்பு, மனைவிக்கு ஊதா. ஊதாவில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது: ‘2.30, ஓய்வு’.

அம்மணி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி முழுவதையும் படித்துப் பார்த்தார்.

“ஏங்க, எட்டு மணிக்கு டிபன்னு போட்டிருக்கீங்க. இட்லி எத்தனை மணிக்கு வேகணும்னு போடலையே?”

“அதெல்லாம் தானா நடக்கிறதுதானே!”

அம்மணி பதில் சொல்லவில்லை. அரிசி களைய நேரமாகிவிட்டது.

அட்டவணையாரின் குலதெய்வம் ஐசக் நியூட்டன். காலை 6 மணிக்கு அடுக்ககத்து வாட்ஸப் குழுவில் அன்றன்றைக்கு ஒரு மகான் வருவார். வாரத்தில் பாதி நாள் நியூட்டன்தான். 1665-இல் பிளேக் வந்து கேம்பிரிட்ஜை மூடினார்கள், மனிதர் ஊருக்குப் போனார், வீட்டில் உட்கார்ந்தபடியே கால்குலஸ், ஒளியின் நிறங்கள், ஈர்ப்பு விசை என்று யோசித்துத் தள்ளினார், நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேள்வி. இரண்டாவது மாடியிலிருந்து கேட்ட இந்தக் கேள்விக்கு ஐந்து மாடிகளும் கைகூப்பிய பொம்மை போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போயின.

கல்லூரியில் படிக்கும் பெண் மட்டும் நியூட்டன் விஷயத்தைக் கொஞ்சம் துருவிப் படித்துவிட்டாள். “அப்பா, அவருக்கு அப்போ வயசு 22. கல்யாணமே பண்ணிக்கலை. போனது அம்மாவோட பண்ணை வீட்டுக்கு. அதுக்கு முன்னாடியே விவசாயம் பார்க்க விட்டாங்களாம். ஆட்டையெல்லாம் அடுத்தவங்க நிலத்துல மேயவிட்டு அபராதம் கட்டியிருக்கார். இவன் சரிப்பட மாட்டான்னு அம்மாவே விட்டுட்டாங்க.” அதாவது, ஒரு வேலையும் சொல்லாதே, சொன்னால் நஷ்டம் நமக்குத்தான் என்று வீட்டார் தண்ணீர் தெளித்துவிட்ட பிறகுதான் பிள்ளைக்கு ஈர்ப்பு விசை புரிந்திருக்கிறது. மறுநாள் குழுவில் நியூட்டன் வரவில்லை. தாமஸ் ஆல்வா எடிசன் வந்தார்.

வீட்டு வேலை செய்யும் அம்மா வர முடியாமல் போனதால் ‘பணிப் பகிர்வு’ என்று சார்ட்டில் ஒரு புது வரிசை சேர்ந்தது. பாத்திரம் தேய்க்கும் பொறுப்பை அட்டவணையாரே முன்வந்து ஏற்றார். ஏற்றபிறகு அவர் கண்ட தத்துவம், எந்தப் பாத்திரமும் ஊறினால்தான் தேயும் என்பது. பால் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுவார், ஊறட்டும் என்பார். அடிப்பிடித்த வாணலியில் இரண்டு சொட்டு சோப்புத் திரவம் விடுவார், இது ராத்திரி முழுக்க ஊறணும் என்பார். ஒரு டம்ளர்கூட ஊறாமல் தேய்ந்ததில்லை. சாயங்காலம் சிங்க்கில் கை நுழைக்க இடமில்லாத நிலையில் அம்மணி வந்து எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் தேய்த்துக் கவிழ்ப்பார். பார்த்துக்கொண்டே நின்ற அட்டவணையார், “பாத்தியா, ஊறினதால எவ்வளவு சுலபமா போச்சு!” என்று சொல்லிவிட்டு, தம் கட்டத்தில் பச்சை டிக் போடுவார்.

ஏப்ரலில் டல்கோனா காபி வந்தது. இன்ஸ்டன்ட் காபித் தூள், சர்க்கரை, வெந்நீர் மூன்றையும் சம அளவில் எடுத்து, நுரை கெட்டிப்படும் வரை அடித்து, குளிர்ந்த பாலின் தலையில் கிரீடமாக வைப்பது. கும்பகோணம் டிகிரி காபி குடித்து வளர்ந்த வீட்டில் இன்ஸ்டன்ட் தூளைத் தேடியதிலேயே அரை மணி போயிற்று. பீட்டர் வேண்டாம், கையால் அடித்தால் தோளுக்குப் பயிற்சி என்று அட்டவணையார் ஸ்பூனை எடுத்தார். முதலில் கறுப்புத் தண்ணீராக இருந்தது. நூறு அடி அடித்ததும் பழுப்புத் தண்ணீராக ஆனது. சட்டைக் கையில் நான்கு பொட்டு, சுவரில் மூன்று, மூக்குக் கண்ணாடியில் ஒன்று. கை வலித்ததால் பையனிடம் கொடுத்தார். பையன் அக்காவிடம் தள்ளிவிட்டான். ஒருவழியாக நுரை நிமிர்ந்து நின்றபோது, அதைப் படம் எடுக்கப் போனை எடுத்தால் சார்ஜ் இல்லை. இதற்குள் அம்மணி காலையில் இறக்கிவைத்திருந்த டிகாக்‌ஷனைச் சூடான பாலில் கலந்து ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து குடித்து முடித்து, டபராவைக் கழுவியும் வைத்துவிட்டார். ஊற வைக்கவில்லை.

மொட்டை மாடிக் காட்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாளுக்கு 10,000 அடி நடந்தே தீருவது என்பது அட்டவணையாரின் விரதம். அந்தப் பத்தாயிரம் எந்த டாக்டர் சீட்டிலும் பிறந்ததல்ல. 1965-இல் ஜப்பானில் ஒரு நடைமானியை விற்கவந்த கம்பெனி அதற்குச் சூட்டிய பெயரில் இருந்த எண். இருந்தாலும் விரதம் விரதம்தான். மாடியின் ஒரு பாதியில் அம்மணி பழைய வேட்டியை விரித்து ஜவ்வரிசி வடாம் பிழிந்திருந்தார். சித்திரை வெயிலை வீணாக்கினால் ஐப்பசி மழையில் எதைப் பொரிப்பது? மறுபாதியில் அட்டவணையார் நடந்தார். காக்கை வந்தது. “நடக்கிறதுதான் நடக்கறீங்க, இந்தக் கம்பைக் கையில வச்சுக்கிட்டு நடங்க” என்றார் அம்மணி. வேட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு காக்கைக்கும் நாலு அடி ஓடி, பகல் முடிவதற்குள் பத்தாயிரமும் தாண்டியது, வடாமும் காய்ந்தது. அந்த ஊரடங்கில் அட்டவணையார் முழுசாக முடித்த ஒரே திட்டம் அதுதான். சார்ட்டில் காக்கைக்குக் கட்டம் இல்லாததால் கணக்கில் ஏறவில்லை.

ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் கடையே கிடையாது, முழு ஊரடங்கு என்றதும், முந்தின நாள் ஊரே மார்க்கெட்டில் முண்டியடித்தது. அட்டவணையார் முகக்கவசம் போட்டுக்கொண்டு, சமூக இடைவெளியைத் துளியும் விட்டுக்கொடுக்காமல், கூட்டமே இல்லாத ஒரு தள்ளுவண்டியாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வெற்றியுடன் திரும்பினார். 6 கிலோ சௌசௌ. அந்த வண்டியில் ஏன் கூட்டம் இல்லை என்பது நாலு நாளும் கூட்டாக, பொரியலாக, துவையலாக, சாம்பாராக வீட்டாருக்கு விளங்கியது.

பத்தாம் வகுப்புப் பையனின் சிவப்புக் கட்டங்கள் பட்ட பாடு வேறு. மார்ச் 27-இல் தொடங்க வேண்டிய பொதுத்தேர்வு தள்ளிப்போனது. அப்பா ரிவிஷன் அட்டவணை போட்டார். ஜூன் 1 என்றார்கள். அழித்துப் போட்டார். ஜூன் 15 என்றார்கள். அழித்த இடத்தில் காகிதம் கிழிந்ததால் மேலே ஒட்டுப் போட்டு எழுதினார். ஜூன் 9 அன்று தேர்வே ரத்து, எல்லாரும் பாஸ் என்று அரசு அறிவித்தது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம். மூன்று அட்டவணைகளையும் சமமாக மதித்து, ஒன்றையும் பின்பற்றாமல் இருந்த பையன்தான் வீட்டிலேயே சரியாகத் திட்டமிட்டவன் என்று ஆகிவிட்டது.

மொழிப் பாடமும் நடந்தது. 30 நாளில் மலையாளம். மூன்றாவது பாடம் வரை வந்தார். ரயில்வே ஸ்டேஷனுக்கு எப்படிப் போவது என்று பிசகில்லாமல் கேட்கக் கற்றுக்கொண்டபோது நாட்டில் பயணிகள் ரயில் ஒன்றுகூட ஓடவில்லை.

சிரித்தாயிற்று. அவர் பக்கத்தையும் சொல்லிவிடுவோம். வீட்டுக்குள் சந்தோஷமாக இருப்பது எப்படி என்ற கவலையே வீடும் மாதச் சம்பளமும் இருந்தவர்களுக்கு வாய்த்த கவலை. அன்றன்றாடம் கூலி வாங்கியவருக்கு அந்தக் கவலைக்கு நேரமில்லை. இது அட்டவணையாருக்குத் தெரியும். தமக்கும் அடுத்த மாதம் சம்பளத்தில் பாதியா முக்காலா என்பது தெரியாது. சாயங்காலம் தியானக் கட்டத்தில் கண்ணை மூடி உட்காருவார். டிவியில் இன்றைய தொற்று இத்தனை, சென்னையில் மட்டும் இத்தனை என்று எண்ணிக்கை வாசிக்கும் குரல் கேட்டால் ஒரு கண் மட்டும் திறக்கும். ஊர்க்கோடியில் இருக்கும் வயதான அம்மாவுக்குப் போன் போடுவார். சாப்பிட்டியாம்மா, கதவைச் சாத்தி வச்சிருக்கியா என்பதைத் தவிர வேறு பேச்சு வராது. எதுவுமே தன் கையில் இல்லை என்று தெரிந்துபோன ஒரு மனிதர், ஃபிரிட்ஜ் கதவளவு இடத்தையாவது தம் ஆளுகையில் வைத்துக்கொள்ளப் பார்த்தார். அவ்வளவுதான் சார்ட்டின் ரகசியம்.

ஊரடங்கு ஏப்ரல் 14 வரை என்றது மே 3 ஆகி, மே 17 ஆகி, மே 31 ஆனது. ஒவ்வொரு நீட்டிப்புக்கும் திருத்திய பதிப்பு வெளிவந்தது. ஐந்து மணி எழுதல் ஆறாகி, ஏழரையாகி, ‘காலை’ என்று முடிந்தது. ஆளுமை வளர்ச்சிக்கான நாலு மணிக்கு நடுக்கூடத்தில் கேரம் பலகை விழுந்தது. பவுடரைக் கொட்டி, பெண்ணும் அம்மாவும் ஒரு பக்கம், அப்பாவும் பிள்ளையும் ஒரு பக்கம். ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோ போடத் தவறிய அட்டவணையார், ஸ்ட்ரைக்கர் கோணல் என்று வாதாடி, வீடே சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் போன் செய்து என்ன விசேஷம் என்று கேட்டார். அம்மணி இத்தனை வருஷத்தில் ஒரு சார்ட்டும் போட்டதில்லை. ஆனால் உலைக்கும் ஊறுகாய்க்கும் நடுவே தமக்கென்று அரை மணியை எங்கே ஒளித்துவைப்பது என்பது அவருக்குப் பழகிய வித்தை. மற்றவர்களுக்கு வீட்டிலேயே இருப்பது என்பது மார்ச் மாதம்தான் தெரிந்தது. அவர் அதில் இருபது வருஷ சர்வீஸ்.

ஆதாயமே இல்லை என்று சொல்ல முடியாது. பெருங்காய டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று அட்டவணையாருக்கு இப்போது தெரியும். துவரம் பருப்பையும் கடலைப் பருப்பையும் கண்ணாடி போடாமலே பிரித்துச் சொல்வார். ரசம் வைப்பார். சுமாராக இருக்கும், பாத்திரத்தை ஊற வைப்பார்.

கல்யாண வீடுகளில் அவரை இன்றும் பார்க்கலாம். பந்திக்குக் காத்திருக்கும் இளவட்டங்களை உட்காரவைத்து, “அந்த நாலு மாசத்துல நான் பண்ணினதெல்லாம் சொன்னா நம்ப மாட்டீங்க” என்று ஆரம்பிப்பார். வருகிற ஆவணியோடு பணி ஓய்வு. அதற்கு மேல் முழு நேரமும் வீடுதான், ஒரு பெரிய பிளான் வைத்திருக்கிறேன், இந்த முறை கம்ப்யூட்டரிலேயே கலர் போட்டு எடுக்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இதைப் பக்கத்து வரிசையில் கேட்டுக்கொண்டிருந்த அம்மணி, அடுத்த நாற்காலிக்காரரிடம் மெதுவாக விசாரித்துக்கொண்டிருந்தார்: “உங்க தெருக் கோயில்ல கணக்கு எழுத ஆள் வேணும்னீங்களே, இன்னும் காலியா இருக்குங்களா? சம்பளமெல்லாம் வேண்டாங்க. காலையில நடை திறக்கிறதிலிருந்து சாத்துற வரைக்கும் அங்கேயே இருப்பாரு.”