ஐந்து கட்டையில் உறுமும் ஓர்கன்

கேள்வி: அப்பாவின் பழைய ஓர்கனைப் போட்டதும், கட்டை எதையும் தொடாமலே 'ம்ம்ம்' என்று உறுமுகிறது. பேயா, பழுதா? (வாசகர், கட்டுகஸ்தோட்டை)

பதில்: பழுதுதான், அதுவும் சுருதியோடு வந்த பழுது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அடிக்கிறது. பவர் சப்ளை அதை ஒரே திசைக்குத் திருப்பும்போது 100 அலைகள் எழும். அவற்றைச் சமன்செய்யத்தான் அங்கே அந்தப் பெரிய கப்பாசிட்டர் குந்தியிருக்கிறது. அது காய்ந்துபோனால் 100 ஹெர்ட்ஸ் நேரே ஸ்பீக்கருக்குள் புகுந்துவிடும். ஐந்து கட்டை சுருதி கீழ்ஸ்தாயியில் 98 ஹெர்ட்ஸ். ஆகவே ஐந்து கட்டையில் பாடுகிறவருக்குக்கூட இந்த உறுமல் இசையாது. கப்பாசிட்டரை மாற்றுங்கள். உறுமல் இன்னும் தாழ்ந்து, 50 ஹெர்ட்ஸில் கேட்டால் மட்டும் முதலில் எர்த் வயரைப் பாருங்கள்.

கேள்வி: பழைய வாத்தியம் என்றால் உள்ளேயுள்ள கப்பாசிட்டர்கள் அத்தனையையும் மாற்றிவிட வேண்டும் என்கிறார்களே? (மாணவர், பேராதனை)

பதில்: வேண்டாம். ஒரு பல் ஆடுகிறது என்பதற்காக முப்பத்திரண்டையும் பிடுங்குவோமா?

முதுமை முதலில் பிடிப்பது எலெக்ட்ரோலிட்டிக் வகையைத்தான். அலுமினியத் தகடுகளுக்கிடையே திரவத்தில் ஊறிய காகிதம் சுருண்டிருக்கும். வெப்பத்தில் அந்தத் திரவம் மெல்ல மெல்ல ஆவியாகும், அல்லது கசிந்து போர்டை அரிக்கும். பிலிம், செராமிக் வகைகளுக்குள் உலர்வதற்குத் திரவமே இல்லை. அவற்றில் பெரும்பாலானவை உங்களைவிட மூத்தவையாக இருந்தும் நல்ல சுகத்தோடு இருக்கும்.

1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகுதான் இங்கே ஜப்பானியக் கீபோர்டுகள் பெருகின. அந்தக் காலத்துப் போர்டில் செப்புக் கோடுகள் வயதாகி ஒட்டுத் தளர்ந்திருக்கும். சோல்டரிங் அயனை ஒவ்வொரு தடவை வைக்கும்போதும் ஒரு கோடு கிளம்பி வரலாம். நூறு கப்பாசிட்டரை மாற்றினால் புதுப் பழுதுக்கு நூறு வாசல் திறக்கிறீர்கள்.

தொனியும் மாறும். அமெரிக்க ஹமண்ட் ஓர்கன்களில் 1960களின் நடுப்பகுதி வரை மெழுகூறிய காகிதக் கப்பாசிட்டர்கள் இருந்தன. வயதாக ஆக அவற்றின் அளவு விலகி, மேல்ஸ்தாயி மங்கிப்போகும். மாற்றினால் ஓர்கன் பளிச்சென்று பாடும். ஆனால் அந்த மங்கலுக்காகவே ஓர்கனை விரும்பி வாங்கியவர்களும் உண்டு. அவர்களுக்கு அது பெரிய இழப்பு. ஆகவே முதலில் பவர் சப்ளை. பிறகு வாசித்துக் கேளுங்கள், மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். செத்ததை மாற்றுங்கள், உயிரோடிருப்பதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: பழையதில் 16 வோல்ட் என்றிருக்கிறது. கடையில் 25 வோல்ட்தான் உண்டு. போடலாமா? (வாசகி, கம்பளை)

பதில்: தாராளமாக. இடத்தில் அடங்கினால் சரி. 10 வோல்ட் மட்டும் கூடாது. மைக்ரோபாரட் அளவு பழையதாகவே இருக்கட்டும். 85 பாகை என்றிருந்த இடத்தில் 105 பாகை வகையைப் போடுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போவதானால் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். கழற்றுமுன் படம் எடுங்கள். உறையில் கோடு போட்ட பக்கம் மைனஸ். திருப்பிப் போட்டால் வெடிக்கும்.

கேள்வி: கண்டி குளிர்ச்சியான ஊர். கொழும்பைவிட இங்கே கப்பாசிட்டருக்கு ஆயுள் கூடத்தானே? (வாசகர், கண்டி)

பதில்: நியாயமான பெருமை. வெப்பம் 10 பாகை குறைந்தால் எலெக்ட்ரோலிட்டிக்கின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். ஆனால் தூசி படாமலிருக்கப் போட்ட லேஸ் துணியை எடுக்காமல், காற்றுத் துளைகளை மூடியபடியே வாசித்தால் கண்டிக் குளிர் வெளியில்தான் நிற்கும். நம் ஊர் ஈரம் வேறு வேலை செய்கிறது: கட்டைகளுக்கு அடியிலுள்ள தொடுமுனைகளைக் கெடுக்கிறது. ஒன்றிரண்டு கட்டைகள் மட்டும் ஊமையானால் கப்பாசிட்டரைத் தேடாமல் அங்கே சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: பிளக்கைக் கழற்றிவிட்டேன். இனி உள்ளே கை வைக்கலாமா? (வாசகர், அக்குறணை)

பதில்: இன்னும் இல்லை. சுவிட்ச்மோட் பவர் சப்ளையானால் 230 வோல்ட் உள்ளே 325 வோல்ட் அளவுக்கு ஏறி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கலாம். தகுந்த ரெசிஸ்டரால் இறக்கி, மீட்டரில் பூச்சியத்தைக் கண்ட பிறகே கை. இந்த வேலை பழக்கமில்லையென்றால் பழகியவரிடம் கொடுங்கள். ஜப்பானிலிருந்து நேரே வந்த வாத்தியமானால் பின்பக்கத்தைப் படியுங்கள். 100 வோல்ட் என்றிருந்தால் டிரான்ஸ்போமர் இல்லாமல் நம் சுவரில் செருகவே கூடாது.

கேள்வி: என் யமஹா டிஎக்ஸ்7 நான் சேமித்த சத்தங்களை மறக்கிறது. எந்தக் கப்பாசிட்டர்? (வாசகர், மாத்தளை)

பதில்: எதுவுமில்லை. 1983இல் வெளிவந்த இந்த வாத்தியத்தின் 32 சத்தங்களையும் நினைவில் வைத்திருப்பது 3 வோல்ட் லிதியம் பற்றரி. அதைச் சோல்டர் செய்து வைத்திருக்கிறார்கள். கழற்றினால் மிச்ச நினைவும் போய்விடும். மிடி வழியாகக் கணினிக்கோ, நேரே கார்ட்ரிட்ஜுக்கோ பிரதி எடுத்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள்.