இறங்கட்டும் அண்ணன்

வடசென்னையில் தெருவுக்குத் தெரு ஒரு கேரம் கிளப்பும் ஒரு இறங்கட்டும் அண்ணனும் உண்டு. கேரம் கிளப் எல்லார் கண்ணிலும் படும். அண்ணனை, வீட்டுக் கம்ப்யூட்டர் முக்கித் திணறும்போதுதான் தேடுவார்கள்.

"எஸ்எஸ்டி வாங்கப் போறியா? இன்னா அவசரம்? வெலை எறங்கட்டும்பா."

பேச்சு இப்படித்தான் தொடங்கும். எங்கள் தெரு அண்ணனுக்குத் திருவொற்றியூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க் வேலை. பகலெல்லாம் பெட்டி நம்பரையும் சீல் நம்பரையும் ஒத்துப் பார்த்துவிட்டு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர்களுக்கு நடுவே ஸ்கூட்டரை நுழைத்துக் காசிமேட்டு வீடு சேர இரவு எட்டாகிவிடும். அதற்குப் பிறகுதான் அவருக்குப் பிடித்த டூட்டி. யார்டில் மிச்சமான நீள நோட்டில் கட்டம் போட்டு, சந்தையில் உள்ள எஸ்எஸ்டிகளின் மாடல், கொள்ளளவு, வாரண்டி, விலை என்று தேதி வாரியாக எழுதுவார். மனிதர் இன்னும் ஒன்றுகூட வாங்கவில்லை.

ஆனால் அவர் சொல்வதில் பிசகு இருக்காது. "மொதல்ல உன் போர்டுல இன்னா சொருகு இருக்குன்னு பாத்துட்டு வா" என்பார். பழைய கம்ப்யூட்டர் என்றால் சாட்டா. இரண்டரை அங்குலப் பெட்டி, நொடிக்கு 550 எம்பிதான் உச்சம். கொஞ்சம் புதிய போர்டு என்றால் எம்.2. அதிலும் என்விஎம்இ வகை, ஜென் 3 ஆனாலே 3,500 எம்பியைத் தொடும். ஆனால் எம்.2 உருவத்திலேயே சாட்டாவும் வருகிறது. "மூஞ்சியப் பாத்து ஏமாறாதே, ஸ்பெக்க படி" என்று அதற்குத் தனியாக ஒரு எச்சரிக்கை உண்டு.

டிஎல்சி, கியூஎல்சி விவகாரத்தை அவர் விளக்கி நான் கேட்டிருக்கிறேன். எந்தப் பொறியியல் கல்லூரியிலும் இவ்வளவு தெளிவு கிடைக்காது. "ஒரு ரூம்ல மூணு பேர் குடியிருந்தா டிஎல்சி. நாலு பேர அடைச்சா கியூஎல்சி. வாடகை கம்மிதான். ஆனா காலைல குழாயடில நின்னு பாரு." அறை என்றது நினைவகச் செல்லை, ஆட்கள் என்றது அதிலுள்ள பிட்களை. பெரிய ஃபைலைத் தொடர்ந்து எழுதும்போது கியூஎல்சி மூச்சு வாங்குவது உண்மைதான்.

சீல் உடையாத பெட்டியிலிருந்து செங்கல் இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர் என்பதால், லேபிளை மட்டும் அவர் நம்பவே மாட்டார். ஆயிரம் ரூபாய்க்கு 2 டிபி என்று யாராவது ஆசையோடு போனைக் காட்டினால், "டுபாக்கூரு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அந்த மாதிரிக் கூட்டை உடைத்துப் பார்த்தவர்களுக்கு உள்ளே பசை போட்டு ஒட்டிய மெமரி கார்டு கிடைத்த கதை உலகமறிந்தது. அதே சமயம், 500 ஜிபி வாங்கினால் விண்டோஸ் 465 என்றுதானே காட்டுகிறது என்று பதறி வருபவரை உட்கார வைத்து டீ வாங்கித் தருவார். கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. "சரக்கு கொறையல. டேலி பண்ற ஆளு வேற."

என்னைக் கேட்டால், கரண்ட் பில் கட்டவும் பிள்ளைகள் புராஜெக்ட் செய்யவும் படம் பார்க்கவும் வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் 550க்கும் 3,500க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவருக்குச் சிலை வைக்கலாம். பழைய ஹார்டு டிஸ்க்கில் ஊசி நகர்ந்து இடம் தேடவே ஏறக்குறைய 10 மில்லி நொடி ஆகும். எஸ்எஸ்டியில் அந்தத் தேடலே இல்லை. வேகமெல்லாம் அங்கேதான் கிடைக்கிறது. 500 ஜிபி, டிஎல்சி, ஐந்து வருட வாரண்டி, கையில் பில். போதும். இதையேதான் அண்ணனும் சொல்கிறார். சொல்லிச் சொல்லித் தெருவையே வாங்க வைத்துவிட்டார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் மட்டும் பட்டனை அமுக்கிவிட்டுப் பால் வாங்கி வந்த பிறகே கண் திறந்துகொண்டிருந்தது.

2023 நடுவில் விலை தரை தட்டியது. "இன்னும் எறங்கும்" என்றார். கம்பெனிகள் உற்பத்தியைக் குறைக்க, ஏறியது. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போக, இன்னும் ஏறியது. எவனோ அமெரிக்காவில் ஏஐயிடம் காதல் கவிதை கேட்பதற்குக் காசிமேட்டில் ஒரு மனிதர் நோட்டில் சிவப்பு மையால் எழுத வேண்டியிருக்கிறது.

கடைசியில் கல்லூரியில் படிக்கும் மகள் பொறுமை இழந்தாள். மெட்ரோவில் ஏறி கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒன்று வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை அப்பா மீன் வாங்கப் போன நேரத்தில் மாட்டியும்விட்டாள். திரும்பி வந்தவர் வேகத்தைப் பார்க்கவில்லை. பில்லைக் கேட்டார். பெட்டியிலிருந்த சீரியல் நம்பரைத் திரையில் தெரிந்த நம்பரோடு ஒத்துப் பார்த்தார். 300 டிபிடபிள்யூ, அதாவது 300 டிபி எழுதும்வரை தாங்கும், என்றிருந்த இடத்தில் விரல் நின்றது.

"ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதுனாக்கூட 41 வருஷம் ஓடும் நைனா, போதுமா?" என்றாள் மகள்.

அண்ணன் நோட்டைத் திறந்தார். "வாரண்டி 5 வருஷம்தானே போட்டுக்கீறான்? மீதி 36 வருஷத்துக்கு எவன் பதில் சொல்லுவான்?"