இரண்டு பட்டம் கூடாது, இரண்டு பதவி கூடும்

அந்தமானுக்குக் குற்றவாளிகள் புதிதல்ல. 1858 முதல் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களை அடைக்க 1906இல் செல்லுலார் சிறையும் எழும்பி முடிந்தது. கொலைகாரன், கொள்ளைக்காரன், ராஜத்துரோகி என்று எத்தனையோ வகை பிரித்த வெள்ளைக்காரனுக்கு ஒரே ஒரு வகை மட்டும் கடைசிவரை தோன்றவில்லை: சட்டம் படித்துக்கொண்டே இன்னொரு பட்டமும் படிக்கிற குற்றவாளி. அந்தக் குறையை சுதந்திர இந்தியாவின் பார் கவுன்சில் நிவர்த்தி செய்திருக்கிறது.

2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளில் ஆறாவது விதி அது. சட்டப் படிப்பில் சேர்ந்தவர், அதே காலத்தில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் வேறொரு இளங்கலையோ முதுகலையோ சான்றிதழ்ப் படிப்போ சேரக் கூடாது. மொழியும் கணினியும் பகுதி நேரமாகக் கொஞ்ச நாள் கற்கலாம். தபாலில் வருகிற தொலைநிலைக் கல்வி என்றால் பாவமில்லை. வகுப்பில் உட்கார்ந்து, ஆசிரியர் முகத்தைப் பார்த்து, ஆய்வுக்கூடத்தில் கை நனைத்து இரண்டாவதாக ஒன்றைக் கற்பதுதான் குற்றம்.

விதி பல வருஷம் தூங்கிக் கிடந்தது. 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு நல்ல சேதி சொன்னது: வகுப்பு நேரம் மோதாவிட்டால் ஒரே சமயத்தில் இரண்டு முழுநேரப் படிப்பு படிக்கலாம். பிள்ளைகள் சந்தோஷப்பட்டார்கள். அந்த அறிவிப்பின் வாலில் ஒரு வரி ஒட்டியிருந்தது: தொழிற்படிப்புகளுக்கு அந்தந்தக் கவுன்சிலின் விதியும் பொருந்தும். தலையால் கொடுத்து வாலால் பறிப்பது நம் அரசுகளுக்குக் கைவந்த கலை.

2024 செப்டம்பர் 24 அன்று பார் கவுன்சில் தூக்கம் கலைந்து எழுந்து ஒரு சுற்றறிக்கை விட்டது. சட்ட மாணவர்கள் எல்லாரும் எழுதிக் கொடுக்க வேண்டும். என் மேல் குற்ற வழக்கு இருக்கிறதா இல்லையா என்று ஒன்று. வேறு முழுநேரப் பட்டம் எதுவும் படிக்கவில்லை என்று ஒன்று. வேலை பார்க்கிறேனா, பார்த்தால் அனுமதி வாங்கினேனா என்று ஒன்று. வகுப்பறையில் விரல்ரேகை வருகைப் பதிவு, தலைக்கு மேல் கண்காணிப்பு கேமரா, அதன் பதிவு ஓராண்டு பத்திரம். எழுதித் தராதவருக்குக் கடைசி மதிப்பெண் பட்டியலும் இல்லை, பட்டமும் இல்லை. கொலைவழக்கையும் எம்.எஸ்சி. படிப்பையும் ஒரே தாளில் விசாரிக்கிற மேதைமை உலகத்தில் வேறு எங்கே வாய்க்கும்!

இந்த மேதைமை போர்ட் பிளேரில் வந்து இறங்கும்போது என்ன ஆகிறது என்று பார்க்கலாம். ஊருக்கு அதே செப்டம்பரில்தான் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாற்ற ஒரு நாள் போதும். மற்றதெல்லாம் மெதுவாகத்தான் மாறும். 2016இல்தான் அங்கே அந்தமான் சட்டக் கல்லூரி வந்தது, புதுவைப் பல்கலைக்கழகத்தின் இணைப்போடு. அதே ஊரில் புரூக்ஷாபாத்தில் அதே புதுவைப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. கடலியலும் கடல் உயிரியலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரே ஊர், ஒரே பல்கலைக்கழகத்தின் குடை. பவளப்பாறையையும் அதைக் காக்கிற சட்டத்தையும் சேர்த்துப் படிக்க ஒரு தீவுப் பெண் ஆசைப்பட்டால், வகுப்பு நேரம் மோதாவிட்டாலும் அவள் குற்றவாளி.

ஒன்றை முடித்துவிட்டு மற்றதைப் படிக்கட்டுமே என்பார்கள். பி.எஸ்சி. மூன்று வருஷம், எம்.எஸ்சி. இரண்டு, சட்டம் மூன்று, ஆக எட்டு. மாலையில் வேலை முடித்து வந்து படிக்கலாம் என்றால் சட்ட வகுப்பு காலை எட்டிலிருந்து இரவு ஏழுக்குள் முடிந்தாக வேண்டும் என்பதும் அதே விதிகள்தான். அப்பன் சம்பாதித்து வைத்த வீட்டுப் பிள்ளைக்கு எட்டு வருஷம் ஒரு பொருட்டல்ல. ரங்கத்திலிருந்தோ டிக்ளிபூரிலிருந்தோ வந்து போர்ட் பிளேரில் அறை எடுத்துத் தங்குகிற கூலிக்காரன் மகளுக்கு ஒவ்வொரு வருஷமும் கடன். காலத்தை அபராதமாக வசூலிக்கிற இந்த விதி, பணமில்லாதவரிடம் மட்டும்தான் வசூலிக்கிறது.

சரி, பட்டம் வாங்கிவிட்டாள். இனிதான் தேசாடனம். வழக்கறிஞர் சட்டப்படி அந்தமான் நிகோபாருக்கென்று தனி பார் கவுன்சில் கிடையாது, மேற்கு வங்கத்தோடு சேர்த்தி. பதிவு கொல்கத்தாவில். உயர் நீதிமன்றமும் 1953ஆம் ஆண்டுச் சட்டத்தால் கொல்கத்தாவுடையதே. போர்ட் பிளேரில் இருப்பது அதன் சர்க்யூட் பெஞ்ச், நீதிபதிகள் சுழற்சியில் வந்து போகிறார்கள். பாடத்திட்டம் புதுவையில், பதிவு கொல்கத்தாவில், சுற்றறிக்கை டெல்லியில். கொல்கத்தா கடலுக்கு அப்பால் 1,200 கிலோமீட்டருக்கும் மேல். சென்னைக்குக் கப்பலேறினால் மூன்று நாள். இத்தனை தூரத்தையும் அவள் தலையில் கட்டிவிட்டு, வகுப்பில் இருக்கிறாளா என்று மட்டும் கேமரா வைத்துப் பார்க்கிறார்கள்.

இந்தத் தீவுகளுக்கு ஏன் இரண்டும் தெரிந்த வக்கீல் வேண்டும் என்பதை டெல்லி யோசித்திருக்காது. அந்தமான் நிகோபாருக்குச் சட்டமன்றம் இல்லை. நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினர். அரசியலமைப்பின் 240ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரின் பேரால் ஒழுங்குமுறைகள் வரும். மக்கள் வாசித்துத் தெரிந்துகொள்ளலாம். கேள்வி கேட்க அவர்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே இடம் நீதிமன்றம். தினக்கூலித் தொழிலாளர் வழக்கில் உத்தரவை நிறைவேற்றவில்லை என்று 2023 ஆகஸ்ட் 3 அன்று சர்க்யூட் பெஞ்ச் தலைமைச் செயலாளரையே பணியிடை நீக்கம் செய்தது, துணைநிலை ஆளுநருக்கு ஐந்து லட்சம் அபராதமும் போட்டது. மறுநாளே உச்ச நீதிமன்றம் தடை கொடுத்துவிட்டது. கூலிக்காரன் நீதி வருஷக்கணக்கில் நடந்து வரும். அதிகாரியின் நீதி மறுநாளே ஓடி வரும்.

ஜாரவா பழங்குடியினர் காப்பகத்தின் ஊடே போகிற அந்தமான் டிரங்க் சாலையை மூடச் சொல்லி 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாலை இன்றைக்கும் ஓடுகிறது, பழங்குடிகளைக் காக்க 1956இல் போட்ட ஒழுங்குமுறையும் ஏட்டில் பத்திரமாக இருக்கிறது. கிரேட் நிகோபாரில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் கட்ட 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அதற்காக அழியப்போகிற கணக்கில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு இருக்கிறது. பேராமைகள் முட்டையிட வருகிற கலத்தியா விரிகுடாவும் ஷோம்பென் மக்கள் வாழ்கிற காடும் அங்கேதான். அந்தத் தீவின் கேம்பல் பேயிலிருந்து போர்ட் பிளேருக்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். வழக்கு நடப்பதோ அதற்கும் அப்பால், கொல்கத்தாவில். ஆமை எந்த மணலைத் தேடி வரும், காட்டைப் பறிகொடுத்தவர் எந்தச் சட்டப் பிரிவைத் தேடுவார் என்று இரண்டையும் கற்ற ஒரு தீவுக்காரி அங்கே எழுந்து பேச வேண்டாமா? வேண்டாம் என்கிறது ஆறாவது விதி. நிபுணர் வேண்டுமானால் வெளியிலிருந்து வருவார், அறிக்கையோடு.

இரண்டு படித்தால் இரண்டும் உருப்படாது என்று சொல்கிறவர்கள், பாரிஸ்டர்களை உருவாக்குகிற லண்டன் கிரேஸ் இன் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். 1916இல் லண்டனில் ஓர் இளைஞர் பொருளாதாரக் கல்லூரியிலும் கிரேஸ் இன்னிலும் ஒரே சமயத்தில் பெயர் பதிந்தார். பணம் தீர்ந்து ஊர் திரும்பி, மறுபடி போய் 1921இல் எம்.எஸ்சி., 1922இல் பாரிஸ்டர், 1923இல் டி.எஸ்சி. முடித்தார். அவர் பெயர் அம்பேத்கர். போர்ட் பிளேரில் பஹர்காவ்ன் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அவர் பெயர்தான். அவரே இன்று வந்து சட்டக் கல்லூரி வாசலில் நின்றால், “பீம்ராவ், வேறெதுவும் படிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்” என்பார்கள்.

அதே கிரேஸ் இன்னில் தேர்வெல்லாம் தேறியும் அரசியல் காரணமாக பாரிஸ்டர் ஆக விடாமல் நிறுத்தப்பட்டவர் சாவர்க்கர். 1911இல் செல்லுலார் சிறைக்கு அனுப்பப்பட்டார். இன்று போர்ட் பிளேர் விமான நிலையம் அவர் பெயரில். தேறியவரைத் தடுத்த அக்கிரமத்தை அங்கே நினைவுகூர்கிறோம். தேறிய பிள்ளையின் பட்டத்தை ஒரு கையெழுத்துக்காக நிறுத்திவைப்போம் என்கிற சுற்றறிக்கையும் அதே விமானத்தில் வந்து இறங்குகிறது.

நேர்மையாகச் சொன்னால், நோய் உண்மைதான். வகுப்பு வாசல் மிதிக்காமல் அண்டை மாநிலத்தில் எல்.எல்.பி. வாங்கி வந்து கறுப்பு அங்கி மாட்டியவர்களைத் தமிழ்நாடும் பார்த்திருக்கிறது. ஆனால் அந்தக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது யார்? மாணவனா? 2025 ஆகஸ்டில் பார் கவுன்சிலே மூன்று ஆண்டுக்குப் புதிய சட்டக் கல்லூரி கிடையாது என்று அறிவித்தது. மாணவன் தலைக்கு மேல் கேமரா. அனுமதிக் கோப்பில் கையெழுத்திட்ட கைக்கு மேல் கேமரா இல்லை. பதிவுக் கட்டணம் 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 என்று சட்டத்தில் எழுதியிருக்க, மாநில பார் கவுன்சில்கள் ஆயிரம் ஆயிரமாக வசூலித்ததை 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தடுக்க வேண்டியிருந்தது. சட்டத்தைக் காக்கிறவர்களுக்கே சட்டத்தை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

இரண்டு பட்டம் சேர்ந்து படிக்கவே முடியாது என்பதும் பொய். பி.ஏ., எல்.எல்.பி. ஐந்தாண்டுப் படிப்பு என்பதே இரண்டு பட்டத்தைச் சேர்த்துப் படிப்பதுதான். விதிகளே அப்படித்தான் அதை வரையறுக்கின்றன. ஒரே கல்லாவில் பணம் கட்டினால் ஒருங்கிணைந்த கல்வி. இரண்டு கல்லாவில் கட்டினால் ஒழுக்கக்கேடு.

இனி பதவிகளுக்கு வருவோம். எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும் வக்கீல் தொழிலும் செய்யலாம், தடையில்லை என்று 2018 செப்டம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பார் கவுன்சிலின் தலைவர் மனன் குமார் மிஸ்ரா 2024 ஆகஸ்டில் பீகாரிலிருந்து போட்டியின்றி மாநிலங்களவைக்குத் தேர்வானார். மூத்த வழக்கறிஞர், கவுன்சில் தலைவர், நாடாளுமன்ற உறுப்பினர்: மூன்று நாற்காலி. இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை, திறமைசாலி, உட்காரட்டும். அடுத்த மாதமே, இரண்டு பெஞ்சில் உட்காராதே என்று மாணவனுக்குச் சுற்றறிக்கை போகிறது. அறுபது வயதுக்கு மேல் கவனம் சிதறாதாம், இருபதில் சிதறிவிடுமாம்.

வருகை எழுபது சதவீதம் கேட்கிறீர்களா, கேளுங்கள். தேர்வைக் கடுமையாக்குங்கள், விடைத்தாளைச் சல்லடை போட்டுத் திருத்துங்கள். இரண்டிலும் வகுப்புக்கு வந்து, இரண்டிலும் தேறி நிற்கிற பிள்ளையிடம் மேற்கொண்டு கேட்க உங்களுக்கு என்ன இருக்கிறது? முடிந்தவர் படிக்கட்டும். முடியாதவரைத் தேர்வே நிறுத்தும். அதற்கு உறுதிமொழிப் படிவம் எதற்கு?

படிவம்தான் வேண்டும் என்றால் எல்லாருக்கும் அச்சடியுங்கள். “நான் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பதவி வகிக்கவில்லை. வகுப்பே நடக்காத கல்லூரிக்கு அனுமதி தரவில்லை. சட்டம் சொன்ன கட்டணத்துக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கவில்லை. உச்ச நீதிமன்றம் மூடச் சொன்ன சாலையைத் திறந்து வைத்திருக்கவில்லை.” கீழே பெயர், பதவி, இன்னொரு பதவி, மற்றுமொரு பதவி என்று போதுமான இடம் விடுங்கள். விரல்ரேகைக் கருவியையும் பக்கத்திலேயே வையுங்கள், தலைக்கு மேல் கேமராவும் ஓடட்டும். தீவுப் பிள்ளைகள் கையெழுத்துப் போடத் தயார். முதல் கையெழுத்து டெல்லியிலிருந்து வரட்டும்.