ஒரு கணக்குக்கு மூன்று ஆப்: ஒரு முன்னோட்ட ஆய்வு

தமிழ்நாட்டில் ஸ்மார்ட்போன் வைத்திருப்போரிடையே வினோதப் பழக்கம் ஒன்று நிலவுகிறது. வங்கிக் கணக்கு ஒன்றே. அதில் கிடக்கும் தொகையும் பெரும்பாலும் சொல்லிக்கொள்ளும்படி இராது. ஆனால் அதை வெளியே அனுப்ப ஜிபே, போன்பே, பேடிஎம் என ஆப் மூன்று. தேசப்பற்று சற்றுக் கூடுதலாயின் பீமையும் சேர்த்து நான்கு. இப்பொருள் குறித்த முன்னாய்வுகள் எவையும் எமக்குக் கிட்டவில்லை. யாம் தேடவும் இல்லை.

முதற்கண் அமைப்பு. 2016இல் என்பிசிஐ தொடங்கிய யூபிஐ என்னும் ஒரே தடத்தில்தான் இவை அனைத்தும் ஓடுகின்றன. ஆப் எதுவானாலும் பணம் கழிவது அதே கணக்கில். அடிக்கும் பின் நம்பரும் ஒன்றே. அது கணக்குக்கு உரியது, ஆப்புக்கு உரியதன்று. தனிநபர்களுக்கு நாளொன்றுக்கு 1 லட்சம் ரூபாய்தான் அனுப்பலாம் என்ற பொது வரம்புகூட எல்லா ஆப்பையும் சேர்த்துத்தான். (இவ்வரம்பைத் தொட்டவர் எவரும் எம் ஆய்வில் அகப்படவில்லை.) கடை க்யூஆர் அட்டையில் எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் எந்த ஆப்பும் அதைப் படித்துவிடும். எனில், மூன்று எதற்கு?

விடை தேடி, மாலை வேளை டீக்கடை ஒன்றைக் களமாகக் கொண்டோம்.

"அண்ணே, ஜிபே பண்ணட்டா?"

"எதுல வேணா போடுங்க தம்பி. ஸ்பீக்கர்ல சத்தம் வந்தா சரி."

தம்பி போட்டார். வட்டம் சுற்றியது, வங்கி சர்வர் படுத்திருந்தது. "இருங்கண்ணே, போன்பேல பாக்கறேன்." அதே வங்கி, அதே சர்வர், வேறு நிற வட்டம். அடுத்து பேடிஎம். அடைத்துக் கிடக்கும் ரேஷன் கடைக்கு மூன்று சந்து வழியாகவும் நடந்து போய்ப் பார்ப்பது போன்றது இது. பின்னால் நின்றவர்கள் ஒரு முறைக்கு மூன்று முறை 'உச்' கொட்டினார்கள். எனினும் கோளாறு வங்கியில் இல்லாமல் ஆப்பின் பக்கம் இருந்தால் மாற்று ஆப் மெய்யாகவே கைகொடுக்கும் என்பதை மறைப்பது ஆய்வு நேர்மையாகாது. அன்று மூன்றாவது ஆப்பில் பணம் போயிற்று. ஸ்பீக்கர் கூவியது. சற்று நேரத்தில், பெண்டிங்கில் நின்ற முதல் தொகையும் போய்ச் சேர, மறுபடி கூவியது. "நாளைக்கு டீக்கு வெச்சுக்கலாம் தம்பி" என்று கடைக்காரர் வழக்கைத் தீர்த்துவைத்தார்.

ஸ்க்ராட்ச் கார்டுக்காகவே பல ஆப் வைத்திருக்கிறார்கள் என்றொரு கருதுகோள் உண்டு. சுரண்டிப் பார்த்தவர்களே அதை ஏற்பதில்லை.

எமது கோட்பாடு வேறு. இதனை மறைவிடக் கோட்பாடு எனலாம். ஓர் ஆப்பின் ஹிஸ்டரியில் அந்த ஆப் வழியே போன பணம் மட்டுமே தெரியும். ஆகவே குடும்பத் தலைவர் ஒருவர் மளிகை, கரன்ட் பில், பிள்ளையின் டியூஷன் ஆகியவற்றை வீட்டார் பார்க்கும் ஆப்பிலும், பஜ்ஜி, பரோட்டா, நண்பனுக்குக் கொடுத்த கைமாற்று ஆகியவற்றை வீட்டார் பார்க்காத ஆப்பிலும் செலுத்துகிறார். மூன்றாவது ஆப், முதல் இரண்டும் அம்பலமாகும் நாளுக்கான முன்னேற்பாடு.

இக்கோட்பாட்டுக்கு எதிரான ஒரே சான்று பாஸ்புக். என்ட்ரி மெஷினில் நுழைத்தால் எந்த ஆப்பில் போன பணமானாலும் தேதிவாரியாக அச்சாகி வந்துவிடுகிறது. ஆய்வுக் காலத்தில் இல்லத்தரசி ஒருவர் அவ்வாறே என்ட்ரி போட்டு வந்து கேட்டார்: "என்னங்க, இந்த பஜ்ஜிக் கடைக்கு மாசம் பூரா பணம் போயிருக்கே?"

"அது ஆப்புல ஏதோ எரர்மா."

"எந்த ஆப்புல?"

இத்துணைவினாவுக்குத் தரவு கிடைக்காமையால் ஆய்வு தற்போதைக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.