கோணல் ஓட்டை

இங்கிலாந்தில் யாராவது ஒரு பழைய கொட்டகையின் பூட்டை உடைத்து, உள்ளே தூசிக்கும் ஒட்டடைக்கும் நடுவில் ஒரு காரைக் கண்டுவிட்டால், அடுத்த நிமிஷமே அதற்கு ஜாதகம் கணிக்க உட்கார்ந்துவிடுவார்கள். எந்தக் கம்பெனி, எந்த வருஷம், எத்தனையாவது வண்டி, முதலில் வாங்கினவர் யார், அசல் நிறம் என்ன? ஆஸ்டினோ மோரிஸோ என்றால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். தொழிற்சாலைப் பதிவேடு இருக்கும். அதைக் கரைத்துக் குடித்த சங்கத்துப் பெரியவர்கள் இருப்பார்கள். ஆனால் கிடைத்தது கிட் கார், அதாவது உதிரியாக வாங்கி வீட்டுக்காரரே பூட்டிக்கொண்ட கார் என்றால், ஜோசியர் கட்டத்தைப் போட்டுவிட்டு அதற்குள் எதை எழுதுவது என்று விழிக்க வேண்டியதுதான். அது பிறந்த நேரம் எது? சேசிஸ் செய்த நாளா, மேல்கூடு வாங்கிய நாளா, இரண்டையும் சேர்த்து முடுக்கிய நாளா, அல்லது 'இது எப்போதுதான் ஓடும்' என்று மனைவி கேட்பதை நிறுத்திய நாளா? என் கட்சி இது: கிட் காரின் வரலாற்றைக் காகிதத்தில் மட்டும் தேடுகிறவர் ஏமாந்துபோவார். கட்டினவர் செய்த தப்புகளில் தேட வேண்டும். காகிதத்தில் எதையும் எழுதலாம். கோணலாகப் போட்ட ஓட்டையைக் கோணலாகத்தான் போட முடியும்.

காகிதத்தை ஏன் நம்பக் கூடாது என்று தெரிய, இந்த வண்டிகளைப் பெற்ற தகப்பன் யார் என்று பார்க்க வேண்டும். வேகத்தின் மேல் காதல், கைத்தொழிலில் ஆர்வம் என்றெல்லாம் அழகாகச் சொல்வார்கள். தகப்பன் வரி இலாகாதான். 1940இல், போர்க்காலத்தில், பிரிட்டிஷ் அரசாங்கம் பர்ச்சேஸ் டாக்ஸ் என்ற வரியைக் கொண்டுவந்தது. போர் முடிந்தது, வரி முடியவில்லை. வரிகளுக்கு எந்த நாட்டிலும் அந்தப் பழக்கம்தான். அன்றைக்கு முழு காருக்கு அந்த வரி உண்டு. பெட்டி பெட்டியாகப் பிரித்துக் கிடக்கும் காருக்குக் கிடையாது. 1957இல் வந்த லோட்டஸ் செவன் வரியோடு சேர்த்து 1,036 பவுண்டு. அதே வண்டியை உதிரியாக வாங்கினால் 536. நடுவில் நிற்கிற 500 பவுண்டு சின்னத் தொகை இல்லை; ஃபோர்டு பாப்புலர் என்ற முழு காரே 1953இல் வரி உட்பட 390 பவுண்டுக்குத்தான் வந்தது. இவ்வளவு மிச்சமாகும் என்றால், ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடிக்கிற குமாஸ்தாவுக்கும் திடீரென்று இயந்திரக் கலையில் ஈடுபாடு பிறக்கும். சலுகைக்கு நிபந்தனை உண்டு: வாங்கினவரே பூட்ட வேண்டும், கூலிக்கு மெக்கானிக் வைக்கக் கூடாது. பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்ததால், லோட்டஸ்காரர்கள் பிரிக்கும் முறையை அச்சடித்துக் கொடுத்து, அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இந்த நிபந்தனையோடு வாங்கின ஒருவர், ராத்திரி எட்டு மணிக்குமேல் பின்வாசல் வழியாக வந்து கியர்பாக்ஸை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போன பட்டறைக்காரரின் பெயரை எந்த டைரியில் எழுதி வைத்திருப்பார்?

லோட்டஸாவது கௌரவமான குடும்பம். ஐம்பதுகளில் கொட்டகை கொட்டகையாகக் கட்டப்பட்ட சாதாரண ரகத்துக்குக் குலமும் இல்லை, கோத்திரமும் இல்லை. போருக்கு முந்தைய ஃபோர்டு டென் ஒன்றைப் பிடிப்பார்கள். மேல்கூடு துருவேறி உதிர்ந்திருக்கும். அடியில் சேசிஸும் 1172 சிசி இஞ்ஜினும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆஷ்லி, ஃபால்கன், மைக்ரோபிளாஸ், ராச்டேல் என்று யாராவது வார்த்து விற்ற ஃபைபர் கிளாஸ் உடலை வாங்கி அதன்மேல் கவிழ்ப்பார்கள். சில உடல்களுக்குக் கதவே இருக்காது. ஆசைப்பட்டவர் ரம்பத்தை எடுத்து அறுத்துக்கொள்ளலாம். வெளியே பார்த்தால் இத்தாலியப் பந்தயக் கார். உள்ளே மூன்றே கியர், கம்பி இழுத்துப் பிடிக்கிற பிரேக், இஞ்ஜின் உறிஞ்சும் காற்றில் ஆடுகிற வைப்பர். மேட்டில் ஏறும்போது இஞ்ஜின் திணறினால் உறிஞ்சுகிற வேகம் குறைந்து வைப்பர் படுத்துவிடும். மழைநாளில் மலைச்சாலையில் போகிறவர், முன்னால் போவதா, முன்னால் இருப்பதைப் பார்ப்பதா என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இந்த வண்டிக்குக் காகிதத்தில் என்ன பெயர்? பெரும்பாலும் பழைய ஃபோர்டின் நம்பர் பிளேட்டும் பதிவுப் புத்தகமும் அப்படியே தொடர்ந்தன. ஆகவே 1958இல் கட்டிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் காகிதம் '1938 ஃபோர்டு' என்றே சொல்லும். 1960இல் பத்து வயதைத் தாண்டிய வண்டிகளுக்குக் கட்டாயச் சோதனை வந்தபோது இந்தக் குட்டு உடைந்தது. மைனர் வேஷம் போட்டுக்கொண்டு வந்த தாத்தாக்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்து முட்டியைத் தட்டிப் பார்த்தார்கள். பலர் அன்றைக்குக் கொட்டகைக்குத் திரும்பியவர்கள்தான்.

அந்தக் காகிதமாவது ஒழுங்காக இருக்கிறதா? 1904 முதல் வண்டிகளைப் பதிந்துவந்தவை உள்ளூர்க் கவுன்சில்கள். எழுபதுகளில் எல்லாவற்றையும் ஸ்வான்சியில் ஒரே அலுவலகத்தில் கணினியில் ஏற்றினார்கள்; ஏற்றின கையோடு பல ஊர்களில் பழைய பேரேடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மிஞ்சியதில் ஒரு பங்கை டிராய்ட்விச்சில் கிட்ஹெட் அறக்கட்டளை காப்பாற்றி வைத்தது. (அந்தப் பெயரில் 'கிட்' இருப்பது தற்செயல்தான், ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.) 1983இல் கொடுத்த கெடுவுக்குள் ஸ்வான்சிக்கு எழுதிப் போடாத பழைய வண்டிகளின் நம்பர்கள் செல்லாமல் போயின. கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த கார் எப்படி எழுதிப் போடும்? இதற்கு மேல், உருமாறிப்போன வண்டிக்குப் பழைய நம்பரைக் கொடுக்கலாமா என்று தீர்மானிக்க அந்த அலுவலகம் பல்லாண்டுகள் கையாண்ட கணக்கு, கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது மாதிரியே இருந்தது. சேசிஸுக்கு 5 புள்ளி, சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ் வகையறா, ஸ்டியரிங் ஆகியவற்றுக்குத் தலைக்கு 2, இஞ்ஜினுக்கு 1. பதினாலில் எட்டு தேறினால் பொருத்தம் உண்டு. தேறாவிட்டால் 'வயதோ பூர்வீகமோ நிச்சயமில்லை' என்று ஊருக்கே தெரியும்படி, கியூ என்ற எழுத்தில் தொடங்கும் நம்பர். ஆயுள் முழுக்க கியூவிலேயே நிற்க வேண்டும். சேசிஸ் தனியாக உள்ள வண்டியில், நாம் கண்ணால் பார்த்து 'அட!' என்கிற அந்த மேல்கூட்டுக்கு இந்தப் பட்டியலில் எத்தனை புள்ளி? ஒன்றுகூட இல்லை. ஒருவர் இரண்டு குளிர்காலம் பனியில் விரல் விறைக்க உட்கார்ந்து செய்த வேலை முழுவதும் அரசாங்கக் கணக்கில் பூஜ்யம்.

சரி, தப்புகள் என்ன சொல்லும்? டாஷ்போர்டின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னால் மூன்று மீட்டர் இருக்கும். பின்னால் ஐந்து ஓட்டை இருக்கும். ஒன்று, அளவு தப்பாகத் துளைத்து, அரத்தால் ராவி ராவிப் பெரிதாக்கி, கடைசியில் தகட்டை வைத்து மூடியது. இன்னொன்று ஸ்டியரிங் தண்டுக்கு நேர் பின்னால். மீட்டரை மாட்டி உட்கார்ந்து பார்த்தபிறகுதான் முள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று புரிந்திருக்கிறது. இந்த மனிதர் காகிதத்தில் வரைந்து பார்க்கிற ஜாதியில்லை, துளைத்துப் பார்க்கிற ஜாதி என்று அந்த ஒரே ஓட்டை சொல்லிவிடுகிறது. அப்புறம் போல்ட்டுகள். பிரிட்டனில் ஐம்பதுகள் வரை விட்வொர்த் அளவு போல்ட்டுகள் ஆட்சி செய்தன, பிறகு யூ.என்.எஃப். வந்தது, எழுபதுகளில் மெட்ரிக் புகுந்தது. ஒன்றுக்கான ஸ்பேனர் மற்றதில் வழுக்கும். இருக்கையைப் பிடித்திருப்பது விட்வொர்த், பானெட் கீலில் இருப்பது யூ.என்.எஃப்., எக்ஸாஸ்ட் குழாயைத் தூக்கிக் கட்டியிருப்பது மெட்ரிக் என்றால், மூன்று காலத்தில் இதில் கைபட்டிருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். இதற்குப் பதிவேடு வேண்டாம், ஸ்பேனர் பெட்டி போதும். பின்விளக்கு எந்தக் காரிலிருந்து வந்தது என்று பார்த்தால், அந்தக் கார் சந்தைக்கு வந்த வருஷத்துக்கு முன்னால் இது முடிந்திருக்காது என்பது நிச்சயம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வட்ட வரிச்சீட்டு வேறொன்றைச் சொல்லும்: இது எப்போது பிறந்தது என்பதையல்ல, எப்போது தூங்கப்போனது என்பதை.

இதைக் கேட்டதும் இரண்டு விதமான ஆட்சேபம் வரும். முதலாவது, சங்கத்துப் பெரியவர்களுடையது: ஊர்பேர் தெரியாத ஃபைபர் கூட்டுக்கு இது சரி, ஆனால் மார்கோஸ், கில்பெர்ன் போன்ற பேர்பெற்ற கிட் கார்களுக்குக் கம்பெனிக் குறிப்புகளே இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, மறுக்கவில்லை. சுவையான குடும்பங்கள் அவை. கில்பெர்ன் என்பது வேல்ஸ் நாட்டில், ஜைல்ஸ் ஸ்மித் என்ற கசாப்புக் கடைக்காரரும் பெர்னார்டு ஃப்ரீஸ் என்ற ஜெர்மானியப் பொறியாளரும் கடைக்குப் பின்னாலிருந்த கட்டடத்தில் 1959இல் தொடங்கியது. இருவர் பெயரிலும் ஒரு துண்டு வெட்டி ஒட்டினால் கம்பெனிப் பெயர். கசாப்புக் கடையில் அது சுலபமாகத்தான் வந்திருக்கும். மார்கோஸும் அப்படியே: ஜெம் மார்ஷ், ஃபிராங்க் காஸ்டின். காஸ்டின் விமானக் கம்பெனியில் இருந்தவர். மரப்பலகையை ஒட்டியே காரின் சேசிஸைச் செய்தார். அதைக் 'கரையான் ஸ்பெஷல்' என்று கேலி செய்தார்கள். இந்தக் கம்பெனிக் குறிப்புகள் சொல்வது, இன்ன நம்பர் வண்டி இன்ன நாளில் இன்னாருக்கு அனுப்பப்பட்டது என்பதைத்தான். பெட்டியைப் பிரித்தாரா, பிரித்தவர் முடித்தாரா, பாதியில் மச்சினனுக்குத் தள்ளிவிட்டாரா என்பது அதில் இல்லை. கல்யாணப் பத்திரிகையை வைத்துக் குடித்தனம் எப்படி நடந்தது என்று சொல்ல முடியுமா? 1973 ஏப்ரலில் வாட் வரி வந்து கிட் கார்களின் சலுகை போனது. அந்த வருஷமே லோட்டஸ் தன் செவனைக் கேட்டர்ஹாம்காரர்களிடம் கொடுத்தது. கில்பெர்னும் அத்தோடு ஓய்ந்தது. கம்பெனியின் குறிப்பு அங்கே நின்றுவிடும். வண்டியின் கதை நிற்காது.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது. ஓட்டையில் கையெழுத்தா இருக்கிறது? முதல் ஆள் போட்டதா, நாலாவது ஆள் போட்டதா என்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஒற்றை ஓட்டையை வைத்துத் தெரியாதுதான். ஆனால் தப்புகள் தனியாக வருவதில்லை. ஓட்டையின் ஓரத்தில் எந்தப் பெயின்ட் உள்ளே வழிந்திருக்கிறது, அதன்மேல் எந்தப் பெயின்ட், வயர் எந்த வயரின் மேலே போகிறது என்று அடுக்கடுக்காகப் பார்த்தால் முன்பின் வரிசை கிடைத்துவிடும். கீழடியில் மண்ணடுக்கைப் பார்த்துக் காலம் கணிக்கிறவர்கள் செய்வதும் இந்த வேலைதான். அவர்களுக்குப் பானை, இங்கே பட்டி. ஒரே மனிதர் ஒரே மாதிரித்தான் தப்பு செய்வார் என்பதும் உண்டு. இடது கதவை அரை அங்குலம் மேலே அறுத்தவர், வலது கதவையும் அப்படித்தான் அறுத்திருப்பார், சரியாக இருக்கட்டுமே என்று.

இதெல்லாம் சரி, ஓட்டுவதற்கு வாங்கின காரை இப்படியே விட்டால் உயிருக்கு யார் ஜவாப்தாரி என்று கேட்டால், பிரேக்கை மாற்றுங்கள், வயரை மாற்றுங்கள், டயரைக் கண்டிப்பாக மாற்றுங்கள் என்பேன். கழற்றியதை ஒரு பெட்டியில் போட்டுப் பேர் எழுதி வையுங்கள். நான் சண்டை பிடிப்பது வேறு ஆசாமியோடு. அறுபது வருஷத்துக் கோணலையெல்லாம் பட்டி வைத்து நிமிர்த்தி, முகம் பார்க்கிற பளபளப்பில் பெயின்ட் அடித்து, 'தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன்' என்று மார்தட்டுகிறவரோடு. எந்தத் தொழிற்சாலை, ஐயா? அது வெளிவந்தது ஒரு கொட்டகையிலிருந்து. நீங்கள் கண்டெடுத்ததும் ஒரு கொட்டகையிலிருந்து. இரண்டும் ஒரே கொட்டகையாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு 2012இல் டூரினில் ஏற்றுக்கொண்ட சாசனமே, புதுப்பிப்பதைவிடக் காப்பாற்றுவதற்குத்தான் முதலிடம் கொடுக்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் செய்த மாற்றங்களும் அதன் சரித்திரத்தில் சேர்த்தி.

ஆகவே, உங்களுக்கு எங்காவது அப்படியொரு வண்டி கிடைத்தால், தண்ணீர்க் குழாயைத் திறப்பதற்கு முன்னால் டாஷ்போர்டின் பின்பக்கத்தை நாலு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டைக் கழற்றினால் எங்கே இருந்தது என்று எழுதிக் கட்டி வையுங்கள். அப்புறம் கழுவலாம்.