வரிசை தப்பாத அட்மிரல்

1744-ல் பிரான்ஸின் டூலான் துறைமுகத்துக்கு வெளியே பிரிட்டிஷ் கடற்படை ஒரு சண்டை போட்டது. எதிரியோடு போட்டதைவிடத் தங்களுக்குள் போட்டதுதான் அதிகம். தலைமை அட்மிரல் மேத்யூஸுக்கும் அவருக்கு அடுத்த லெஸ்டாக்குக்கும் ஏழாம் பொருத்தம். மேத்யூஸ் ‘வரிசையில் நில்’ என்று ஒரு கொடியும், ‘தாக்கு’ என்று இன்னொரு கொடியும் ஒரே நேரத்தில் ஏற்றினார். பிறகு தானே வரிசையை விட்டு எதிரி மேல் பாய்ந்தார். லெஸ்டாக் தமக்குப் பிடித்த கொடியை மட்டும் படித்துக்கொண்டு, வரிசையில் நின்றபடி வேடிக்கை பார்த்தார்.

கோர்ட் மார்ஷல் கூடியது. வேடிக்கை பார்த்தவர் நிரபராதி. சண்டை போட்டவருக்கு, வரிசையைக் குலைத்த குற்றத்துக்காக வேலை போனது. மேத்யூஸை விசாரித்தவர்களில் ஜான் பிங் என்ற அட்மிரலும் ஒருவர். அவர் அன்றே பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டார்: தீவே போனாலும் போகட்டும், வரிசை போகக் கூடாது.

இதற்கிடையே 1745-ல், கேப்டன் செத்து விழுந்த கப்பலில் கொடியை இறக்கிச் சரணடைந்த பேக்கர் பிலிப்ஸ் என்ற லெப்டினன்டைச் சுட்டுக் கொன்றார்கள். பெரிய தலைகள் தப்பிக்க, சின்னவன் மட்டும் சாவதா என்று ஊர் கொதித்தது. இனி எல்லோருக்கும் ஒரே நீதி என்று நாடாளுமன்றம் 1749-ல் கடற்படைச் சட்டத்தைத் திருத்தியது. சண்டையில் முழு மூச்சாக இறங்காதவனுக்கு ‘மரணம், அல்லது நீதிமன்றம் நினைக்கும் வேறு தண்டனை’ என்றிருந்த இடத்தில் மரணம் மட்டும் மிஞ்சியது. சமத்துவம் வந்துவிட்டது.

1756-ல் மத்தியதரைக் கடலில் பிரிட்டன் வசமிருந்த மினோர்கா தீவைப் பிரெஞ்சுக்காரர்கள் சூழ்ந்தார்கள். கோட்டையைக் காத்தவர் எண்பதைத் தாண்டிய பிளேக்னி. லண்டன் மந்திரிகள் சாவகாசமாகக் கண் விழித்து, பத்துக் கப்பலையும் பற்றாக்குறை மாலுமிகளையும் கொடுத்துப் பிங்கை அனுப்பினார்கள். வழியில் சேர்ந்தவற்றோடு போர்க் கப்பல்கள் 13 ஆயின. மே 20 அன்று எதிரே வந்தவை 12. பிங் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கப்பலை வரிசையிலிருந்து விலகி நிற்கச் சொன்னார். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, கணக்கு சரி!

முன்னால் போன கப்பல்கள் செமத்தியாக அடி வாங்கின. நடுவில் ‘இன்ட்ரெப்பிட்’ பாய்மரம் முறிந்து குறுக்கே நிற்க, பின்னால் வந்தவை முட்டி மோதாமல் இருக்கவே திண்டாடின. வரிசையை விட்டுப் பாயலாமே என்றார் பிங்கின் கேப்டன். மேத்யூஸுக்கு நேர்ந்தது மறந்துபோச்சா என்பதுபோல் பதில் வந்தது. மாலையில் பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள். இரு தரப்பிலும் ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. நான்கு நாள் கழித்து ஆலோசனைக் கூட்டம் போட்டு, ஜிப்ரால்டருக்குத் திரும்பினார் பிங். ஜூன் கடைசியில் கோட்டை விழுந்தது. (தீவின் மஹோன் நகரத்துப் பெயரில்தான் பிரெஞ்சுக்காரர்கள் மயோனைஸுக்குப் பெயர் வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. பிரிட்டனுக்கு அதுவும் கிடைக்கவில்லை.)

லண்டனுக்கு முதலில் எட்டியது பிரெஞ்சு அட்மிரலின் கடிதம். எதிரியின் பேச்சை நம்பித் தன் தளபதியைத் திரும்ப அழைத்த அரசு அது! பிங் அனுப்பிய அறிக்கையில் மந்திரிகளுக்குச் சங்கடமான வரிகளை வெட்டிவிட்டுத்தான் அரசிதழில் போட்டார்கள். தெருக்களில் அவர் கொடும்பாவி எரிந்தது. மந்திரிகள் குளிர் காய்ந்தார்கள்.

போர்ட்ஸ்மவுத்தில் ‘செயின்ட் ஜார்ஜ்’ கப்பலில் விசாரணை. கடற்படைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு மூன்று குற்றங்களைச் சொல்கிறது: கோழைத்தனம், விசுவாசமின்மை, அலட்சியம். முதலிரண்டும் இல்லை என்று நீதிபதிகளே சொல்லிவிட்டு, ஆனாலும் முழு மூச்சாகப் போரிடவில்லை என்று மரண தண்டனை விதித்தார்கள். கையோடு கருணை காட்டச் சொல்லிக் கெஞ்சியும் எழுதினார்கள். வேறு தண்டனை தரச் சட்டத்தில் வழியில்லையே! மினோர்காவைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி ரிஷ்லியூ பிங்குக்கு நற்சான்று எழுத, அதை எழுத்தாளர் வோல்ட்டேர் இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். தோற்கடித்தவனே வந்து நல்லவன் என்று சொன்ன அட்மிரல் உலகத்தில் எத்தனை பேர்? கீழவை இரக்கப்படுகிறது என்று மந்திரி பிட் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் ஜார்ஜ் மன்னர் மசியவில்லை.

1757 மார்ச் 14. ‘மொனார்க்’ கப்பலின் மேல்தளத்தில் மெத்தை போட்டு மண்டியிடவைத்தார்கள். கண்ணைக் கட்ட வேண்டாம் என்றார் பிங். சுடப்போகிற வீரர்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்றார்கள். சரி, அவர்கள் மனம் நோகக் கூடாது என்று கட்டிக்கொண்டார். கைக்குட்டையைத் தானே கீழே போட்டுச் சைகையும் கொடுத்தார். அன்று அந்தக் கடற்படையில் வேலையை ஒழுங்காகச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

‘வேறு தண்டனையும் தரலாம்’ என்று 1779-ல் சட்டத்தை மறுபடி திருத்தினார்கள். 22 வருஷம் தாமதம். 2007-ல் குடும்பத்தார் பிங்குக்கு மன்னிப்பு கேட்டபோது பாதுகாப்பு அமைச்சகம் மறுத்துவிட்டது. மினோர்கா இப்போது ஸ்பெயினிடம் இருக்கிறது.